தை மாதக் குளிரில் பெயின்ட்

ஊட்டியில் இந்தக் குளிரில் வீட்டுக்குள் பெயின்ட் வேலை நடக்கிறது என்றதும், கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை போனிலேயே அதட்டினாள். "பொங்கலுக்கு முன்னாடியே முடிச்சிருக்கலாம்ல அக்கா?" அது கீழே இருப்பவர்களின் கணக்கு. இங்கே வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. சுவர் குடித்த ஈரம் வற்றுவதே பொங்கலுக்கு அப்புறம்தான். மார்ச் பிறந்தால் சீசனுக்காக லாட்ஜ்காரர்கள் பெயின்டர்களைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு வாய்த்தது இந்த இடைப்பட்ட வறண்ட காலம்தான்.

குளிர் இல்லை என்று சொல்லவில்லை. தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிறது. ஆனால் பகலில் நல்ல வெயில், 20 டிகிரி வரை போகும். காற்று சூடாகும் வேகத்தில் சுவர் சூடாகாது, அங்கேதான் கவனம் வேண்டும். எங்களுடையது பழைய கல் கட்டடம். வடக்கு அறைச் சுவர் காலை பதினொரு மணிக்கும் ஜில்லென்று இருக்கும். பெயின்டர் அண்ணன் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த ரூமுக்குப் பன்னெண்டு மணிக்கு மேலதான் ரோலர்" என்றார்.

அவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. எமல்ஷன் என்கிற சுவர் பெயின்டில் நுண்ணிய அக்ரிலிக் துகள்கள் தண்ணீரில் கலந்திருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அவை நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, பாலேடு போலப் படர வேண்டும். சுவர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் பல எமல்ஷன்கள் அப்படிச் சேராது. காய்ந்த மாதிரித் தெரியும், தொட்டால் மாவாகக் கையில் வரும். அதனால் காலையில் வெயில் விழும் தெற்கு அறை, மதியம் வடக்கு அறை, மூன்று மணிக்கு மேல் பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டியதுதான். கூலி ஒரு நாள் கூடினாலும் பரவாயில்லை.

பீரோவை நகர்த்தியபோது வடக்கு மூலை முழுக்கக் கரும்பூஞ்சை. அதன்மேல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் அடுத்த மழைக்கு மேலே வந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டோம். சுரண்டிய இடத்தில் பழைய பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்தது: மேலே ரோஸ், அதன் கீழே என் மாமியார் ஆசைப்பட்டு அடித்த இளம்பச்சை, அடியில் சுண்ணாம்பு. அந்தப் பச்சையைப் பார்த்ததும் அந்த அறைக்கு அதே நிறம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

சீக்கிரம் காயட்டும் என்று சிலர் அறையைச் சாத்திக் கரி அடுப்பு மூட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். இந்த மலையில் அப்படிப் போன உயிர்கள் உண்டு. பெயின்டில் கலக்கும் டர்பன்டைன் திறந்திருக்கும் வீட்டில் நெருப்பு இன்னும் ஆபத்து. வெயில் நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அது போதும்.

இந்த மாதத்தில் இன்னொரு வசதியும் உண்டு. வெயில் தாழ்வாக, பக்கவாட்டில் வந்து சுவரில் விழுகிறது. சுவரைச் சமன்படுத்தப் பட்டி பூசிய இடத்தில் இருக்கும் சின்ன மேடுபள்ளம்கூட நிழலோடு தெரியும். அண்ணன் அந்த வெளிச்சத்திலேயே உப்புத்தாள் போட்டார். டியூப்லைட்டில் அதெல்லாம் கண்ணுக்கே படாது.

பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டாயிற்று, பின்னால் காற்று போகட்டும். கதவுகளுக்கு எனாமல், அதாவது எண்ணெய் பெயின்ட், மட்டும் பாக்கி. அது காய இன்னும் நேரம் பிடிக்கும், ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கவும் முடியாது. பிப்ரவரி நடுவில் கொஞ்சம் குளிர் குறைந்ததும் ஒவ்வொரு கதவாகக் கழற்றி வெயிலில் வைத்து அடிக்கலாம் என்றிருக்கிறார் அண்ணன்.