ஒன்பது பேரும் ஒரு ஸ்பேனரும்

எங்கள் துடுப்புப் படகுக் கழகத்தில் போட்டிப் பருவத்துக்கு அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்து இது மூன்றாவது ஆண்டு. முதல் ஆண்டில் இன்றைய தேதியில் தொடங்கி வாரம் வாரமாக எழுதிக்கொண்டே போனேன். போட்டி வந்து சேர்ந்தபோது எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள். இப்போது முக்கியமான போட்டியின் தேதியை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கி எண்ணி வருகிறேன். கடைசிப் பத்து நாள் பயிற்சி குறையும். அதற்கு முந்தைய ஆறு வாரம் வேகத்துக்கு. அதற்கும் முன்னால் இருக்கும் மாதங்களில் நிதானமாக, நிமிடத்துக்கு 18 முதல் 20 வீச்சில், ஒரு மணி நேரத்துக்கு மேல் துடுப்பு வலிப்பதுதான்.

2000 மீட்டர் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடுமே, அதற்கா இத்தனை மாதம் ஆமை வேகம் என்று புதியவர்கள் கேட்பார்கள். அந்த நிமிடங்களில் பெரும்பகுதி உடல் ஓடுவது மூச்சை நம்பித்தான் என்று சொல்வேன். முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியாது.

பயிற்சித் திட்டம் சுலபம். ஒன்பது பேரை ஒரே விடியற்காலையில் கரைக்கு வரவழைப்பதுதான் கடினம். எட்டுப் பேர் படகில் ஒருவர் வராவிட்டால் மீதி ஏழு பேரும், துடுப்பு வலிக்காமல் சுக்கான் பிடித்துக் குரல் கொடுக்கும் காக்ஸும் கொட்டகை வாசலில் நின்று கணக்குப் போட வேண்டும். நால்வர் படகில் காக்ஸோடு ஐந்து பேர் போய்விடுவார்கள், இருவர் படகில் இரண்டு பேர். மிஞ்சும் ஒருவர் ஒற்றைப் படகில் போகலாம், தனியாக ஓட்டத் தெரிந்திருந்தால். தெரியாதவர் கரையில் எர்கோமீட்டர் என்ற துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் உட்கார்ந்து எங்களைச் சபிப்பார். அதனால் வர முடியாத நாட்களை முதலில் கேட்டு வாங்கிவிட்டு, எந்த வாரம் எந்தப் படகு என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்கிறேன்.

சென்ற பருவத்தில் என் தவறு வேறு விதம். ஒரே படகை நாற்பது நிமிட இடைவெளியில் இரண்டு பந்தயங்களுக்குப் பதிவு செய்துவிட்டேன். தாளில் அது தாராளமாகத் தெரிந்தது. முதல் குழு இறுதிக் கோட்டிலிருந்து துறைக்குத் திரும்பவே கால் மணி நேரம் ஆனது. அவர்கள் இறங்க இறங்க அடுத்தவர்கள் ஏறினார்கள். கால் பலகை ஒவ்வொருவர் கால் நீளத்துக்கும் மாற வேண்டும். ஈரத்தில் திருகுகள் வழுக்கின. ஐந்தாம் இருக்கையில் இருந்தவர் முழங்கால் முகவாயில் இடிக்கத்தான் அந்தப் பந்தயம் முழுவதும் வலித்தார். இப்போது ஒரே படகுக்கு இரண்டு மணி நேர இடைவெளி இல்லாமல் பதிவுப் படிவத்தில் கை வைப்பதில்லை.

காக்ஸின் எடையும் என் பட்டியலில் உண்டு. சர்வதேச விதிப்படி குறைந்தது 55 கிலோ. எங்கள் காக்ஸ் 52. மூன்று கிலோ மணல் பையைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையை மறந்துவிட்டு வந்த நாளில் தண்ணீர் பாட்டில்கள் உதவாது.

படகுகளை டிரெய்லரில் ஏற்றும் நாளைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நான் அதையும் பயிற்சி நாளாகவே அட்டவணையில் எழுதுகிறேன். படகின் பக்கவாட்டில் துடுப்பைத் தாங்கும் சட்டமான ரிக்கரைக் கழற்றியவுடன் நட்டையும் வாஷரையும் அதே போல்ட்டில் திரும்ப மாட்ட வேண்டும். சட்டைப் பைக்குள் போட்டால் அது துணி துவைக்கும் நாளில்தான் கிடைக்கும். ரிக்கரின் மேல் பசைநாடா ஒட்டி இருக்கை எண்ணை எழுதுகிறோம். முன்முனை ரப்பர் பந்தையும், படகில் பொருத்திய காலணிகளின் குதிகால் கயிறுகளையும் அன்றே பார்த்துவிடுவேன், இவற்றில் ஒன்று பழுதாக இருந்தாலும் பரிசோதனையில் படகை நீரில் இறக்க விடமாட்டார்கள். பத்தாம் எண் அளவு ஸ்பேனர்கள் ஆறு வாங்கினோம். இப்போது இருப்பது ஒன்று. அதை என் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இந்த ஆண்டுத் தாளில் எட்டுப் பேர் தேதி கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் இருக்கைக்காரர் மட்டும் "பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்டத்தை மட்டும் பென்சிலில் நிரப்பியிருக்கிறேன்.