வெப் பிராக்டிகல்: இரண்டு விண்டோ பேசாத கேள்வி வந்தால்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். என்னைக் கரை சேர்த்தது பிராக்டிகல் மார்க்தான். புதுச்சேரியில் அடுத்த பேட்ச்சில் எழுதப்போகிறவர்களுக்காக, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். தியரிக்கு எல்லாரும் படித்துவிடுவீர்கள். பிழை கண்டுபிடிக்கும் கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: ஒரு பிரவுசர் விண்டோ இன்னொன்றுக்கு அனுப்பும் மெசேஜ் ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எங்களுக்கு வந்தது ஒரு விடுதி புக்கிங் படிவம். பட்டனைத் தட்டினால் பாப்அப் திறக்கும், அதில் அறையைத் தேர்ந்தெடுத்தால் படிவத்தில் வந்து விழ வேண்டும். விழவில்லை. கன்சோலில் (பிரவுசர் பிழைகளைக் காட்டும் பகுதி) சிவப்பாக ஒரு எழுத்துகூட இல்லை. பக்கத்து சிஸ்டங்களில் எல்லாரும் புரோகிராமை வரிவரியாகப் படிக்கத் தொடங்கினார்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள்.

இரண்டு விண்டோவிலும் கன்சோலைத் திறந்து லொகேஷன்.ஒரிஜின் என்று அடியுங்கள். வருவதை ரஃப் பேப்பரில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எனக்கு மேலே 127.0.0.1:5500 என்றும் கீழே லோக்கல்ஹோஸ்ட்:5500 என்றும் வந்தது. ஒரே மெஷின், ஒரே ஃபோல்டர், ஒரே போர்ட். ஆனாலும் ஹோஸ்ட் பெயர் வேறு என்பதால் பிரவுசருக்கு அவை வேறு வேறு ஒரிஜின் (புரோட்டோகால், ஹோஸ்ட், போர்ட் மூன்றும் சேர்ந்த அடையாளம்). பாப்அப் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று முழுசாக எழுதி வைத்திருந்தார்கள். பாப்அப் போஸ்ட்மெசேஜ் (விண்டோக்களுக்கிடையே மெசேஜ் அனுப்பும் கட்டளை) மூலம் அனுப்பிய மெசேஜ் என்னவோ வந்து சேர்ந்தது. படிவப் பக்கத்தில் இருந்த ஒரிஜின் சோதனை அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது. முகவரியை ரிலேட்டிவாக (ஹோஸ்ட் பெயர் இல்லாமல்) மாற்றியதும் அறை எண் வந்து உட்கார்ந்தது. இந்த ஒரு வரியைப் பேப்பரில் எழுதிப் பார்க்கும் பழக்கத்துக்கே பாதி மார்க் என்பேன்.

அடுத்தது நேரம். பாப்அப்பைத் திறந்த கையோடு மெசேஜ் அனுப்பினால், அங்கே லிசனர் (மெசேஜை வாங்கும் கோட்) இன்னும் பிறந்திருக்காது. போன மெசேஜ் போனதுதான், காத்திருக்காது. ஒரு செகண்ட் டைம்அவுட் வைத்தால் வீட்டு லேப்டாப்பில் ஓடும், லேப் சிஸ்டத்தில் ஓடாது. பாப்அப்பே முதலில் "ரெடி" என்று சொல்லட்டும், அப்புறம் அனுப்புங்கள்.

மற்றவை சட்டென்று:

- விண்டோ.ஓப்பன் "நல்" (null, வெற்று மதிப்பு) கொடுத்தால்: பாப்அப் பிளாக்கர். கிளிக்குக்குள்ளேயே நேரடியாகத் திறக்க வேண்டும்.
- ஓப்பனர் (தன்னைத் திறந்த விண்டோ) "நல்" என்று வந்தால்: டார்கெட் பிளாங்க் போட்ட (புது டேபில் திறக்கும்) லிங்க்கா என்று பாருங்கள். 2021-ல் வந்த குரோம் 88 முதல் அது தானாகவே நோஓப்பனர், அதாவது ஓப்பனர் கிடைக்காது.
- டேட்டாகுளோன் எரர்: மெசேஜுக்குள் ஃபங்ஷனோ டாம் எலிமெண்டோ (பக்கத்தின் பட்டன், பெட்டி போன்ற உறுப்பு) இருக்கிறது.
- ஒரிஜின் "நல்" என்று வந்தால்: ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் சாண்ட்பாக்ஸ் (கட்டுப்பாடு) போட்ட ஐஃப்ரேம், அதாவது பக்கத்துக்குள் வைத்த பக்கம்.
- ஸ்டோரேஜ் ஈவென்ட் (லோக்கல்ஸ்டோரேஜ் மாறியதைச் சொல்லும் அறிவிப்பு) மாற்றிய விண்டோவிலேயே வராது. அடுத்த விண்டோவில்தான் தேட வேண்டும்.

கடலூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள் பஸ்ஸில் போனை வைத்து இதைப் படித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கன்சோல் பக்கத்தில் பக்கத்தில் தெரியாமல் இது மண்டையில் ஏறாது. வீட்டில் லைவ் சர்வரை 5500-லும் பைத்தான் சர்வரை 8000-லும் ஓடவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் திறந்து பழகுங்கள். வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஓப்பனர்.டாகுமெண்ட்டைத் தொட்டதும் வருகிற செக்யூரிட்டி எரரை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அதை மறக்கமாட்டார்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: போஸ்ட்மெசேஜில் டார்கெட் ஒரிஜினாக (மெசேஜ் போக வேண்டிய ஒரிஜின்) நட்சத்திரக்குறி, அதாவது "எதுவானாலும் சரி" என்று போட்டால் என்ன? "பாதுகாப்பு இல்லை சார்" என்று நிறுத்தினால் அடுத்த கேள்வி வரும். அந்த விண்டோ இதற்குள் வேறு தளத்துக்குப் போயிருந்தால், மெசேஜ் அங்கே இருப்பவர் கையில் போய்ச் சேரும் என்று சொல்லுங்கள். வாங்கும் பக்கத்திலும் ஈவென்ட்.ஒரிஜினைச் சரிபார்க்க வேண்டும், பதிலை ஈவென்ட்.சோர்ஸுக்கு (மெசேஜ் அனுப்பிய விண்டோ) அனுப்பலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எக்ஸாமினர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.