அக்கா மகன் குதிக்கலாமா? பெரிஸ் மைதானத்து நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2024, சனி

நான் பாராசூட் குதிப்பு கற்றுக்கொடுக்கும் கலிபோர்னியா பெரிஸ் மைதானத்துக்கே அக்கா மகன் இன்று வந்துவிட்டான். இர்வைனில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. "மாமா, எனக்கு ஏஎஃப்எஃப் கத்துக் குடுங்க. டேண்டம் ரெண்டு தடவை போயிட்டேன், பயமே இல்ல" என்றான். ஏஎஃப்எஃப் என்பது சொந்தப் பாராசூட்டோடு தானே குதிக்கக் கற்றுத்தரும் பயிற்சி.

பயமே இல்லை என்பவர்களிடம் நான் இன்னும் நாலு கேள்வி கூடக் கேட்பேன். டேண்டமில் உயரம் பார்ப்பது, பாராசூட்டை இழுத்து விரிப்பது, தரையிறக்குவது எல்லாம் முதுகோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பயிற்சியாளர். ஏஎஃப்எஃப் அப்படி இல்லை. முதல் குதிப்பில் இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொண்டுதான் வருவோம், ஆனால் பாராசூட் அவன் முதுகில் இருக்கும், 12,500 அடியில் வெளியேறி 5,500 அடியில் அவனேதான் இழுக்க வேண்டும், விரிந்த பிறகு காதில் வரும் ரேடியோக் குரலைத் தவிர துணை கிடையாது.

மருத்துவப் படிவத்தில் வலிப்பு, இதயம், சர்க்கரை, மயக்கம், எலும்பு மூட்டு என்று எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று போட்டுக் கையெழுத்திட்டான். டாக்டர் சான்றிதழ் கட்டாயமில்லை, தன் உடம்பைப் பற்றித் தானே எழுதித் தந்தால் போதும். அதனால்தான் அந்தக் காகிதத்தை மட்டும் வைத்து நான் யாரையும் எடைபோடுவதில்லை.

ஏப்ரல் 13, சனி

தரை வகுப்பு. சொந்தக்காரன் என்பதால் என் கண் மழுங்கிவிடக் கூடாது என்று சக பயிற்சியாளர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டேன். இன்றைய வகுப்பில் இன்னொருவர் 51 வயது நர்ஸ் அம்மா, கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

தொங்கும் பட்டைகளில் மாட்டிவிட்டு, தலைக்கு மேலே கோளாறான பாராசூட்டின் படத்தைக் காட்டுவோம். முறுக்கிக்கொண்டதா, கிழிந்ததா, வெறும் கயிறு உலைகிறதா, தரையிறங்கும் அளவுக்கு இது சரியா இல்லையா என்று உடனே சொல்ல வேண்டும். இல்லை என்றால் வலப்பக்கப் பிடியை இழுத்து அதைக் கழற்றிவிட்டு, இடப்பக்கப் பிடியால் மாற்றுப் பாராசூட். இந்த முடிவை 2,500 அடி உயரத்துக்குக் கீழே போவதற்குள் எடுத்தாக வேண்டும். கீழே விழும் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் இருக்கும்போது ஆயிரம் அடி ஐந்தாறு நொடியில் போய்விடும், யோசிக்கலாம் என்று நினைப்பதற்குள். பையன் இதில் படு சுறுசுறுப்பு. நர்ஸ் அம்மா மூன்று தடவை தப்பாகச் செய்தார், மூன்று தடவையும் "எனக்குப் புரியல, திரும்பக் காட்டுங்க" என்று அவரே கேட்டார், நாலாவது தடவை சரியாக வந்தது.

அப்புறம் குப்புறப் படுத்து வயிற்றை முன்தள்ளி, கை இரண்டையும் முழங்கையில் மடித்துத் தலைப் பக்கம் தூக்கி வைக்கும் பயிற்சி. பையனின் வலது முழங்கை மட்டும் திரும்பத் திரும்பக் கீழே இறங்கியது. கேட்டதற்கு "ஜிம்ல லேசா இழுத்துக்கிச்சு மாமா" என்றான்.

மதியத்துக்கு மேல் காற்று 17 மைல் வேகத்துக்கு ஏறியது, மாணவர்களுக்கு 14-க்கு மேல் அனுமதி இல்லை. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள் என்று அக்காவுக்குப் போன் போட்டேன். பேச்சோடு பேச்சாக, "அவன அதுக்கு விடாதடா, அவனுக்குத் தோள் இறங்குமே. காலேஜ்ல கபடி ஆடறப்ப ஒரு தடவ, அப்புறம் வீட்டுல அலமாரில இருந்து ஏதோ எடுக்கப் போயி ஒரு தடவ. புத்தூர் கட்டு போட்டுத்தான் சரியாச்சு" என்றாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நேற்று காற்று அடங்கியிருந்தால் ஏற்றிக்கொண்டு போயிருப்பேனா? அந்த முழங்கையை நான் பார்த்தேன், கேட்டேன், ஒரே பதிலோடு விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்கே போனேன். "சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டீங்க மாமா" என்றான். ஆமாம், விட்டிருக்க மாட்டேன்.

அவன் கையை நானே பிடித்துக் காட்டினேன். தோள் முன்பக்கமாக விலகுவது பெரும்பாலும் எப்படி? கை பக்கவாட்டில் உயர்ந்து பின்னோக்கித் திரும்பும்போது. நாங்கள் ஆகாயத்தில் வைக்கச் சொல்வதும் அதே நிலையைத்தான், அதன்மேல் அந்த வேகக் காற்று மோதுகிறது. எங்கள் பாராசூட்டை இழுக்கும் பிடி முதுகுப் பையின் அடியில், வலது கை போகும் இடத்தில் இருக்கிறது. அவனுக்கு இறங்குவது வலது தோள். அது அங்கே விலகினால் கை வராது, வலியில் உடம்பு சுருண்டு சுழல ஆரம்பிக்கும், நாங்கள் எட்டி இழுத்துவிட்டாலும் தரையிறங்கும்போது இரண்டு கையாலும் சமமாகப் பிரேக் கயிற்றை இழுக்க அவனால் முடியாது. தானே திறக்கும் கருவி மாட்டியிருக்கிறதே என்றான். அது மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும், ஓட்டித் தராது. அதையும் கையால்தான் ஓட்ட வேண்டும்.

அவனிடம் திடமும் வேகமும் இருக்கின்றன. ஆனால் விமானத்துக் கதவருகே நான் நம்பக்கூடியது மாணவன் வாயால் சொல்வதை மட்டும்தான். அதில் அவன் பொய் சொன்னான். தோள் குணமானாலும் இதைப் பற்றி இன்னொரு தடவை உட்கார்ந்து பேசிய பிறகே கூட்டிப்போவேன் என்று சொல்லிவிட்டேன். அவன் கண் கலங்கியது, எனக்கும்தான்.

ஏப்ரல் 20, சனி

காலையிலேயே நர்ஸ் அம்மா வந்து, "சளி, ஒரு காது அடைச்சிருக்கு, இன்னைக்கு வேண்டாம்" என்றார். ஒரு வாரமாக லீவு சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறார். அந்த உயரத்திலிருந்து சில நிமிடத்தில் இறங்கும்போது அடைத்த காதில் அழுத்தம் சமமாகாது, செவிப்பறை கிழியவும் கூடும். இது அவருக்கே தெரிந்திருந்தது. இவரை நான் கூட்டிப்போகலாம் என்று முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான்.

மே 4, சனி

நர்ஸ் அம்மா குதித்தார். கதவுப் பக்கம் போகும்போது முகம் வெளுத்திருந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் உயரமானியைப் பார்த்தார், 5,500-ல் நான் சைகை காட்டும் முன்பே அவராகவே இழுத்தார். முட்டி போட்டு இறங்கி, அப்படியே உட்கார்ந்து அழுதார்.

பையனும் வந்திருந்தான். ஸ்கேனில் தோள் மூட்டின் ஓரத்துச் சவ்வு கிழிந்திருக்கிறதாம், ஆபரேஷன் செய்வதா பிசியோதெரபி போதுமா என்று டாக்டர் அடுத்த வாரம் சொல்வார். படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினான். மூட்டு என்ற இடத்தில் போட்டிருந்த "இல்லை"யை அடித்துவிட்டு, வலது தோள், இரண்டு தடவை, என்று எழுதினான். பிறகு வெயிலில் இறங்கிப் போய், அந்த அம்மாவின் பாராசூட்டை இடது கையால் அள்ளிக்கொண்டு வந்தான்.