எங்கள் வீட்டு ரவி வர்மா படம்: அசலா என்று பார்க்கப் போன அனுபவம்

ரவி வர்மா வரைந்தது என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்த எண்ணெய் ஓவியம் ஒன்று எங்கள் நாகர்கோவில் வீட்டில் இருக்கிறது. என் கொள்ளுப்பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காதில் பாம்படம், பக்கத்து மேசையில் ஒரு புத்தகம், பூ வேலை செய்த சிவப்பு மேசை விரிப்பு. வலது கீழ் மூலையில் ஆங்கில எழுத்தில் ‘ரவி வர்மா’ என்று கையெழுத்து. கொள்ளுத்தாத்தா திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகஸ்தர், அதனால் ராஜாவே வந்து வரைந்தார் என்பது வீட்டுக் கதை.

அப்பா காலமாகி பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கியபோது வயலுக்கும் வீட்டுக்கும் எளிதாக வழி பிறந்துவிட்டது. படத்துக்குத்தான் வழி பிறக்கவில்லை. 2023இல் ரவி வர்மாவின் ‘யசோதையும் கிருஷ்ணனும்’ 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போன செய்தி எல்லார் போனிலும் வந்திருந்தது. சித்தப்பா ஒரே வரியில் முடித்தார்: “கையெழுத்து இருக்குல்லா, பெறவு என்ன?” அக்காவுக்குச் சந்தேகம். முறைப்படி பார்த்துவிடுவோம் என்று அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். இதே கேள்வியோடு இருக்கும் குடும்பங்கள் தெற்கே நிறைய உண்டு என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அது ஓவியம்தானா, அச்சா என்பது. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கம் மாறி, ஜெர்மானியரான ஷ்லைஷர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்த லட்சுமி, சரஸ்வதி படங்கள் ஏறாத வீடு இல்லை. சில படங்களுக்கு வார்னிஷ் பூசி, துணி போன்ற மேடுபள்ளமும் அழுத்தியிருப்பார்கள். தூரத்தில் நின்றால் எண்ணெய் ஓவியமாகவே தோன்றும். ஒரு நல்ல லென்ஸ் போதும். அச்சுப் படத்தில் முகமும் கையும் சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்துவிடும். எங்கள் படத்தில் புள்ளி இல்லை, தூரிகை இழுத்த தடம்தான். சரி, முதல் படி தாண்டியது.

அடுத்து ஓர் ஏல நிறுவனத்துக்குப் புகைப்படங்கள் அனுப்பினேன். படம் யார் யார் கைமாறி வந்தது என்பதற்கு ஆவணமும், ஏற்கப்பட்ட நிபுணரின் கடிதமும் இல்லாமல் பரிசீலிக்க முடியாது என்று பதில் வந்தது. அதில் தப்பு சொல்ல முடியாது. 2011இல் கொல்கத்தாவில் அரசுக் கலைக் கல்லூரியிலேயே தாகூர் வரைந்தவை என்று காட்சிக்கு வைத்த ஓவியங்கள் போலி என்று பெரிய வழக்கானது. அதற்கு அப்புறம் யாரும் வாய்ச்சொல்லை நம்பத் தயாரில்லை.

நிபுணர்களிடம் போனபோதுதான் உண்மையான சண்டை தொடங்கியது. ஒருவர் வீட்டுக்கே வந்து வெகுநேரம் பார்த்தார். முகமும் கழுத்தும் ரவி வர்மாவின் கை, புடவையும் விரிப்பும் உதவியாளர் கை என்றார். அப்படிச் சொல்ல இடமும் இருக்கிறது. ரவி வர்மாவின் தம்பி ராஜ ராஜ வர்மா பல ஆண்டுகள் அவரோடு சேர்ந்தே வேலை செய்தவர். தங்கை மங்களாபாயும் தேர்ந்த ஓவியர். ஒரே படத்தில் இரண்டு கை இருப்பது அந்தக் குடும்பத்தில் புதிதில்லை. ஆனால் எழுதிக் கொடுங்கள் என்றதும் அவர் பின்வாங்கினார். இன்னொருவர் புகைப்படத்தை மட்டும் பார்த்து, விரல்கள் பலவீனமாக இருக்கின்றன, இது அவர் இல்லை என்றார். அவரும் எழுதித் தரவில்லை. எழுத்தில் தந்தால் நாளைக்கு வழக்கில் இழுப்பார்கள் என்ற பயம் இரண்டு பேருக்கும். இந்தத் துறையில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான். கோடிகளைத் தீர்மானிக்கும் சொல் வாய்மொழியாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது, கேட்டவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார். சித்தப்பா முதல் ஆள் சொன்னதைப் பிடித்துக்கொண்டார், அக்கா இரண்டாவது ஆளை.

அதனால் பழைய ஓவியங்களைப் பழுது பார்க்கும் கன்சர்வேட்டர் ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோனோம். பொறுமைசாலியான பெண்மணி. அறையை இருட்டாக்கி புற ஊதா விளக்கைக் காட்டினார். பழைய வார்னிஷ் வெளிறிய பச்சையாக ஒளிர்ந்தது. இடது கன்னத்தில் ஒரு திட்டும் புடவை ஓரத்தில் இரண்டு திட்டும் கருப்பாகத் தெரிந்தன. அவை பிற்பாடு தொட்டுப் பூசிய இடங்கள். வலது கீழ் மூலையில் கையெழுத்தும் அதே கருப்பு.

பிறகு நுண்ணோக்கியில் அந்த மூலையை என்னையே பார்க்கச் சொன்னார். எண்ணெய் ஓவியம் வயதாகும்போது வண்ணம் வலை வலையாக வெடிக்கும். வரைந்த காலத்திலேயே போட்ட கையெழுத்தாக இருந்தால் வெடிப்பு அந்த எழுத்தையும் சேர்த்து உடைத்திருக்க வேண்டும். இங்கே முதல் எழுத்தின் சாய்ந்த கால் ஒரு வெடிப்பின் மேல் போகிறது. வண்ணம் அந்தப் பள்ளத்துக்குள் வழிந்து இறங்கிக் காய்ந்திருக்கிறது. அடுத்த எழுத்திலும் அப்படியே. படம் வெடித்து, வார்னிஷ் பழுத்த பிறகு யாரோ உட்கார்ந்து எழுதிய பெயர் அது. கண்ணால் பார்த்தபின் அதில் வாதத்துக்கு இடமே இல்லை.

எக்ஸ்.ஆர்.எஃப் என்று ஒரு கையடக்கக் கருவி இருக்கிறது. படத்தைச் சுரண்டாமலே வண்ணத்தில் உள்ள உலோகங்களைக் காட்டும். மூல வண்ணத்தில் ஈயமும் துத்தநாகமும் வந்தன. இரண்டு வெள்ளையும் 19ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தவை. தொட்டுப் பூசிய கன்னத்தில் மட்டும் டைட்டானியம். டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்தது முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு. ரவி வர்மா இறந்தது 1906இல். மூல வண்ணத்திலேயே டைட்டானியம் வந்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். வரவில்லை. ஆகவே படம் பழையது, பெயர் புதியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சோதனைக்கூடத்தால் “இல்லை” என்று சொல்ல முடியும், “ஆம்” என்று சொல்ல முடியாது. ஈய வெள்ளை அந்தக் காலத்தில் எல்லா ஓவியரிடமும் இருந்தது. சித்தப்பாவுக்கும் இது தெரிந்துபோனது. “பேரு போட விட்டுட்டாரு, பின்னால எவனோ சேத்துட்டான். படம் ராஜா வரைஞ்சதுதான்” என்று புது வாதம் வைத்தார். முதல் நிபுணரும், தான் கையெழுத்தை நம்பி எதுவும் சொல்லவில்லை என்று தன் கருத்திலேயே நின்றார். நியாயமான பதில்தான், எங்களால் உடனே மறுக்க முடியவில்லை.

பதில் எங்கள் வீட்டுப் பத்தாயப் புரையிலேயே இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் கணக்குப் புத்தகங்கள் ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. பூச்சி அரித்தது போக மிச்சம் வாசிக்க முடிந்தது. அக்காவும் நானும் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். நெல், பாட்டம், வைத்தியர் கூலி, கோயில் கட்டளை. அவற்றுக்கு நடுவே கொல்லம் ஆண்டு (அன்றைய திருவிதாங்கூர் வருடக் கணக்கு) 1085 தை மாதத்தில் இரண்டு வரி. அம்மாள் படம் எழுதின வகைக்குச் சித்திரமெழுத்துக்காரருக்கு ரூபாய் 40. அதற்குச் சட்டம் போட்ட ஆசாரிக்கு 5 ரூபாய் சில்லறை.

கொல்லம் 1085 தை என்றால் 1910 ஜனவரி, பிப்ரவரி. ரவி வர்மா மறைந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ராஜ ராஜ வர்மா அண்ணனுக்கு முன்பே, 1905இல் போய்விட்டார். அக்கா அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அவள் சொன்னது சரிதான் என்று இருவருக்கும் தெரிந்தது, ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அப்பா கடைசிவரை ராஜா வரைந்த படம் என்றே வந்தவர்களுக்குக் காட்டினார்.

சித்தப்பா இன்றுவரை ஒப்பவில்லை. அந்த 40 ரூபாய் வேறொரு படத்துக்காக இருக்கலாம், அது தொலைந்திருக்கலாம் என்கிறார். அப்படி ஒரு இரண்டாவது படத்தைப் பற்றி குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தீர்ந்துவிட்டது.

விற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் அத்தை மகன், அங்கே கொண்டுபோய் விற்கலாமே என்று கேட்டான். முடியாது. ரவி வர்மாவின் ஓவியங்கள் 1979இல் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை. அவர் வரையாவிட்டாலும் நூறு வருடம் தாண்டிய ஓவியம் எதுவானாலும் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள்தான், நாட்டை விட்டுப் போகாது. உள்நாட்டில் விற்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்தைக் காட்டி விற்க எங்களுக்கு மனமில்லை. சோதனைக்குப் பின்னும் ஒரு தரகர், காகிதம் எதையும் காட்டாமல் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

கையெழுத்தை எடுத்துவிடலாமா என்று கன்சர்வேட்டர் கேட்டார். ஓரத்தில் பஞ்சால் தொட்டுப் பார்த்தபோது அது லேசாகக் கரைந்தது, மூல வண்ணத்துக்குச் சேதம் வராது. வேண்டாம் என்றேன். நுண்ணோக்கிப் படமும் அந்தக் கையெழுத்தும் சேர்ந்துதான் நடந்ததற்குச் சாட்சி. படத்தின் பின்புறம் ஆய்வறிக்கை நகலும் கணக்குப் பக்கத்தின் நகலும் உறையில் வைத்து ஒட்டியிருக்கிறோம். பாகப்பத்திரத்தில் ‘திருவிதாங்கூர் ஓவியர் ஒருவர், 1910’ என்று எழுதி, அக்கா பங்கில் சேர்த்தாயிற்று.

என்னை விடாமல் அரிப்பது அந்த 40 ரூபாய் வாங்கியவர் யார் என்பதுதான். நல்ல கை அது. பாம்படம் இழுத்துத் தொங்கும் காதின் கனத்தை அவர் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் தெரியும். இவ்வளவு வரைந்தவரின் பெயர் போய், அதே மூலையில் இன்னொருவர் பெயர் ஏறிவிட்டது. அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்திலும் மாவேலிக்கரையிலும் நாஞ்சில் நாட்டிலும் ஊர் ஊராகப் போய் உருவப்படம் எழுதியவர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். சுசீந்திரம் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பெரியவரின் படம் பார்த்தேன். நாற்காலி வேறு, ஆனால் அதே சிவப்பு விரிப்பு, அதே பூ, மடிப்பு விழும் இடம்கூட அதேதான். அதில் கையெழுத்தே இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் பழைய கணக்குகளைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ 1900, 1920க்கு இடைப்பட்ட உருவப்படத்தில் அப்படி ஒரு விரிப்பு இருந்தால், முதலில் படத்தின் பின்புறத்தைப் பாருங்கள், அப்புறம் அந்த வருடத்துக் கணக்குப் புத்தகத்தைத் தேடுங்கள். பெயர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.