ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வரும்?

சர்க்கரை, பிரஷர் நோயாளிகள் வரும் நாளில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசை வாசலைத் தாண்டிவிடும். ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதிலும் நோயாளிக்குத் துணையாக வந்தவர் மீது எனக்கு ஒரு கண் உண்டு. அம்மாவின் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முப்பத்தைந்து வயது மகன்தான் என் கணக்கில் அடுத்த நோயாளி. "தம்பி, நீங்களும் கையை நீட்டுங்கள்" என்றால், "எனக்கு ஒன்றும் இல்லையே டாக்டரம்மா" என்று பின்வாங்குவார். ஒன்றும் இல்லாதபோது பார்த்தால்தானே லாபம்!

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. எல்லோரும் சர்க்கரை நோயின் வாசற்படியில் இருந்தவர்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே ஆண்டுகளில் நோய் வந்துவிட்டது. நடை, சாப்பாடு என்று விடாமல் கவனிக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறத்தாழ அவ்வளவுதான் சாதித்தது.

விடாமல் கவனிக்க இரண்டு நிமிடம் எங்கே போதும்? பிரஷருக்கு "உப்பைக் குறையுங்கள்" என்று சொல்லி யாரும் குறைத்து நான் பார்த்ததில்லை. அதனால் வேறு விதமாகக் கேட்கிறேன்: வீட்டில் எத்தனை பேர், ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வரும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். மாதம் ஒரு பாக்கெட் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். ஊறுகாய், அப்பளம், கருவாடு தனி. "மீன் கழுவுவதும் அந்த உப்பில்தான்" என்று ஒரு மருமகள் வாதாடினார். நியாயம்தான், கழித்துப் பார்த்தோம். அப்படியும் ஏழுக்குக் குறையவில்லை. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே போகிறது. நடக்க முடியாத பாட்டிகளுக்கு எவ்வளவு நிம்மதி! ஆனால் பாட்டி வராவிட்டால் மகனும் வருவதில்லை. மாத்திரை கொடுக்கும்போது வீட்டில் உள்ள மற்றவர்களின் பிரஷரையும் விடாமல் பார்த்துவிடும்படி எங்கள் தன்னார்வலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆண்களைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போக வேண்டும் என்கிறார் அவர். அவருக்கும் வீடு, பிள்ளைகள் உண்டே. வாரநாளில் ஒரு விடுப்பு தந்து ஈடுகட்டலாமா என்று மேலே கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.