தாத்தாவின் சிவப்பு மை

மூணு வாரமா தாத்தாவோட குத்தகைக் கணக்கு நோட்டை எக்ஸ்எம்எல்-ல ஏத்திட்டிருக்கேன். அதாவது, எழுத்துல ஒவ்வொரு பகுதிக்கும் இது இன்னதுன்னு பேர் சொல்ற குறி (டேக்) போட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்குற கணினி முறை. திருவையாறு வீட்டுப் பரண்ல கிடந்தது. கட்டமைப்பு லேசுன்னுதான் நினைச்சேன். கல்லணையில காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரிஞ்சு, அப்புறம் வாய்க்கால், கடைசியில வயல் மடை. அதே மாதிரி நோட்டு, பக்கம், பதிவு, வரி.

ரெண்டாம் நாளே மாட்டிக்கிட்டேன். 14ஆம் பக்கத்து அடியில தொடங்குற சம்பா கணக்கு 15ஆம் பக்கத்துல முடியுது. எக்ஸ்எம்எல்-ல இப்படிக் குறி போட்ட ஒவ்வொரு பகுதியும் ஒரு உறுப்பு; அதை நேரா உள்ளே வெச்சிருக்கிற உறுப்பு அதுக்குத் தாய். ஒரு உறுப்புக்கு ஒரே தாய்தான். பாதி அங்க, பாதி இங்கன்னு கால் நீட்ட முடியாது. நாலு வயல் தண்ணியையும் வாங்கிக்க அது என்ன வடிகாலா? கடைசியில பதிவைத் தாயாக்கி, பக்கம் மாறுற இடத்துல உள்ளே எதுவுமில்லாத குறி ஒண்ணு வெச்சேன். பழஞ்சுவடிகளை டிஇஐ-ங்கற பொதுக் குறியீட்டு விதிப்படி குறியிடுறவங்களும் இப்படித்தான் பண்றாங்க.

இன்னொரு கூத்து சிவப்பு மை. 'சிவப்பு'ன்னே டேக் போட்டு 40 பக்கம் ஓட்டிட்டேன். அப்புறம் பார்த்தா, பாக்கிக்கும் சிவப்பு, மழை பெய்ஞ்ச நாளுக்கும் சிவப்பு! உட்கார்ந்து ஒவ்வொண்ணா 'பாக்கி', 'மழை'ன்னு மாத்தினேன். நிறமெல்லாம் இப்ப, எது எப்படித் தெரியணும்னு சொல்ற ஸ்டைல்ஷீட்ல ரெண்டே வரி. நெல் அளவுகளான கலம், மரக்காலையும் தனித்தனியா குறிச்சாச்சு. கலத்துக்கு 12 மரக்கால்னு கூட்டிப் பார்க்க வசதி.

ஒவ்வொரு பக்க உச்சியிலயும் பிள்ளையார் சுழி இருக்கே, அதுக்கு என்ன டேக்? அம்மாகிட்ட கேட்டேன். "அதை முதல்ல போட்டுட்டு ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு சிக்கல் வந்திருக்காதுடா"ங்கறாங்க.