வேலையை விடாமல் இறையியல் படிக்க

ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வரும் நான், வேலையை விடாமலும் கடன் வாங்காமலும் இறையியல் படிக்க வழி தேடியபோது, கட்டணத்தைக் கேட்பதற்கு முன் அங்கீகாரத்தையே விசாரித்தேன். சான்றிதழை அஞ்சலில் அனுப்புவதாகச் சொன்ன ஒரு நிறுவனம், பட்டமளிக்கும் அதிகாரம் யார் கொடுத்தது என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் தரவில்லை. 1818-இல் தொடங்கி, 1827-இல் டென்மார்க் மன்னரின் சாசனத்தால் பட்டமளிக்கும் உரிமை பெற்ற மேற்கு வங்கத்திலுள்ள செராம்பூர் கல்லூரியின் செனட் (பட்டம் வழங்கும் கல்விக் குழு), குருப்பட்டம் பெறாத சபையாருக்கென்று பி.சி.எஸ். (கிறிஸ்தவ ஆய்வுகளில் இளங்கலை) பட்டத்தைத் தொலைநிலைப் படிப்பாக வழங்குகிறது. கட்டணத் தாளின் பின்புறத்தில் நூல்களின் விலை, பேருந்துச் செலவு, தேர்வுக்கு எடுக்கும் விடுப்பால் குறையும் சம்பளம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் கூட்டினேன் (என் மனைவி அதை இருமுறை சரிபார்த்தார்). விடுதிச் செலவு இல்லாததால் தொகை கைக்கு அடங்கியது, மறுநாளே விண்ணப்பித்தேன்.